இயல்பளவு

ஏணியின் மேற்படியில் நின்று, சன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடில் காலங்காலமாகப் படிந்திருந்த மண்ணைக் கரண்டியால் சுரண்டிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள் கார்குழலி. ஹார்மோன்களையும் அவற்றைக் குழப்பும் ரசாயனங்களையும் பற்றி இருபது வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள். உடம்பெல்லாம் தூசி. கீழே ஏணியைப் பிடித்திருந்த ஹர்ஷிதா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

“டாக்டரக்கா, பாக்கறவங்க உங்களை பெயிண்டர்னுதான் நெனைப்பாங்க. போன வீட்டுல அந்த அம்மிணி கேட்டுச்சே, வெளிச்சுவத்துக்கு மட்டும் அடிச்சா எத்தனை நாளாகுமுங்கன்னு.”

“நீ மொதல்ல ஏணியை விடு. மூணாவது மாசத்துல உன்னை யாரு பிடிக்கச் சொன்னது?”

“விட்டா நீங்க விழுவீங்க. நீங்க விழுந்தா எனக்கு யாருங்க வைத்தியம் பாக்கறது? உங்களுக்காகப் புடிக்கலீங்க, எனக்காகத்தான்.”

வேடிக்கையாகச் சொன்னாலும் அது வேடிக்கை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஹர்ஷிதாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நான்காவது மாதத்தில் கலைந்துபோயின. வெள்ளியம்புதூரில் அதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. ஐந்தாம் மாதம் பிறக்கும்வரை அந்த ஊரில் யாரும் கர்ப்பத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. வளைகாப்பு வளையல் வாங்க ஆளில்லாமல் கடைக்காரர்கள் அதை வரவழைப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஊரைச் சுற்றியிருந்த ஆலைகள் துணிக்கு நீரொட்டாப் பூச்சு போடுகிறவை. மழைக்கோட்டும் பள்ளிப்பையும் நனையாமல் காக்கும் அந்தப் பூச்சின் கழிவு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. கிணற்றிலிருந்து ரத்தத்துக்கு வந்தது. எதாலும் சிதைக்க முடியாத பொருள் அது. ஆலைகளை மூட வேண்டும் என்று ஊர் போட்ட வழக்கில் முதல் மனுதாரர் ஹர்ஷிதா.

“பல்லு கெடைச்சுதுங்களா?”

“ரெண்டு மூணு இருக்கும்போல. சலிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.”

கார்குழலி தேடியது பால்பற்களை. போன நூற்றாண்டில் கட்டிய வீடுகளாகப் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கம். சின்னக் கை. பல பற்கள் கூரைவரை போகாமல் சன்ஷேடில் விழுந்துவிடும். வீட்டில் எந்த இடத்தைப் பெருக்கினாலும் சன்ஷேடின் மேற்புறத்தை யாரும் பெருக்குவதில்லை.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க்கா. என்ற வயித்துல இருக்கற கொழந்தைக்கும், எந்தக் கெழவனோ எப்பவோ வீசின பல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

கார்குழலி இறங்கி வந்து கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். இப்படி யாராவது கேட்டால் அவளுக்குப் பசி, களைப்பு எல்லாம் மறந்துபோகும்.

“மரத்தை அறுத்தா உள்ள வளையம் வளையமாத் தெரியும்ல? பல்லோட எனாமலும் அப்படித்தான். பால்பல் வெளிய வர்றதுதான் பொறந்த பிறகு. உருவாக ஆரம்பிக்கிறது வயித்துக்குள்ள, நாலாவது மாசத்துல. தினம் ஒரு மெல்லிசான அடுக்கு. அன்னிக்கு அம்மா ரத்தத்துல எந்த ஹார்மோன் எவ்வளவு ஓடிச்சோ, அது அந்த அடுக்குல மாட்டிக்கும். குழந்தை பொறந்த அன்னிக்கு அதிர்ச்சியில ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் குழந்தையோட வாழ்க்கை. அந்தப் பக்கம் அம்மாவோடது.”

“அப்ப அந்தக் கெழவனோட அம்மாவுக்கு மாசமா இருக்கயில எவ்வளவு ஹார்மோன் ஓடுச்சுன்னு இந்தப் பல்லு சொல்லீருமா?”

“சொல்லும். இந்தப் பூச்சு வர்றதுக்கு முன்னாடி ஒரு கர்ப்பத்துக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு வேற எந்த இடத்துலயும் இப்ப பார்க்க முடியாது. பூச்சு படாத ரத்தம் இன்னிக்கு உலகத்துலயே கெடையாது.”

ஹர்ஷிதா தன் இடது புஜத்தைத் தடவினாள். அங்கே தோலோடு தோலாக ஒரு சிறிய பட்டை ஒட்டியிருந்தது. ஊரில் அதற்கு ‘ஒட்டு’ என்று பெயர். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கும். குறைந்தால் தானே சுரந்து சேர்க்கும். மாநிலத்தில் கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொருத்தியின் கையிலும் அது உண்டு. இருந்தும் கர்ப்பங்கள் கலைந்தன.

“மொட்டை மாடித் தொட்டியில மிதவை இருக்கும்ல,” என்று கார்குழலி சொன்னாள். “தண்ணி ஏறினா மிதவை மேல வந்து மோட்டாரை நிறுத்திடும். இந்தப் பூச்சு என்ன பண்ணுதுன்னா, மிதவைக்கு அடியில குச்சியைக் குடுத்து நிமித்தி வெச்சிடுது. தொட்டி காலி. ஆனா மோட்டார், நிறைஞ்சிருக்குன்னு நினைச்சு ஓடாம கெடக்கு. அதனாலதான் ஒட்டு. அது வெளியில இருந்து வாளியில தண்ணி ஊத்துது.”

“ஊத்துதே. பொறவும் ஏனுங்க தங்கறதில்ல?”

“எதுவரைக்கும் ஊத்தணும்னு தொட்டிக்குள்ள ஒரு கோடு போட்டிருக்காங்க. அந்தக் கோடு தப்பு.”

*

கோடு தப்பான விதத்தைச் சொல்ல ஃபிரோஸ் ஓர் உவமை வைத்திருந்தான். கார்குழலியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த ஆராய்ச்சியாளன் அவன், வாணியம்பாடிக்காரன். “கிளாஸ் மொத்தமும் மக்கு ஆயிடுச்சுன்னு வைங்க மேடம். கிளாஸோட சராசரிதான் பாஸ் மார்க்குன்னு சொல்லிட்டா எப்பவுமே பாதிப்பேர் பாஸ்தான். எவனும் மக்கு இல்ல.”

இயல்பளவு வாரியம் செய்ததும் அதுவே. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக ரத்தம் எடுத்து, சராசரி பார்த்து, ‘இதுதான் இயல்பு’ என்று ஓர் எண்ணை வெளியிடும். ஒட்டுகள் அந்த எண்ணைத் தாண்டிச் சுரக்காது. நீதிமன்றமும் அந்த எண்ணை வைத்தே ஒருவருக்குப் பாதிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். எல்லோருக்கும் ஹார்மோன் சேர்ந்து குறைந்ததால் எண்ணும் சேர்ந்து இறங்கியது. அறிக்கையில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

சலித்தெடுத்த பற்கள் ஒரு கைப்பிடி தேறின. லேசரால் அடுக்கடுக்காகச் சீவி ஆராய்ந்தபோது எல்லாப் பற்களும் ஒரே கதையைச் சொன்னன. அந்தக் காலத்து அம்மாக்களின் ரத்தத்தில் ஓடிய ஹார்மோன், இன்றைய இயல்பளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

வாரியத் தலைவர் மாசிலாமணி நிதானமான மனிதர். முடிவுகளை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கார்குழலி, வேலை சுத்தமா இருக்கு. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கொஞ்சப் பேருக்கு மட்டும் இந்த அளவைக் குடுத்துப் பார்ப்போமே. ஒரு ஆறு மாசம்.”

“ஆறு மாசத்துல எத்தனை கலையும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

“என்கூட ஒரு பொண்ணு வர்றா. அவளுக்கு நாலாவது மாசம் பொறக்கப்போகுது. ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. அவகிட்ட போய், ‘சரியான அளவு என்கிட்ட இருக்கு, ஆனா கமிட்டி யோசிக்குது’ன்னு நான் சொல்லணுமா? நீங்க வந்து சொல்றீங்களா சார்? கார் அனுப்பட்டுமா?”

அவள் குரல் அறையைத் தாண்டிக் கேட்டது. வாதத்தில் வென்றாளா, சத்தத்தில் வென்றாளா என்பது அவளுக்கே பிறகு தெளிவாக இல்லை. அந்த வாரமே புதிய இயல்பளவு வெளியானது. வானிலிருந்து வந்த ஒரு சமிக்ஞையில் மாநிலம் முழுவதும் இருந்த ஒட்டுகள் ஒரே சமயத்தில் புதிய கோட்டை ஏற்றுக்கொண்டன. புதிய எண்ணைக் காட்டி ஊர்த்தரப்பு வக்கீல் வாதாடியதும், ஆலைகளின் குழாய்களை அடைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. வெள்ளியம்புதூரில் வெடி வெடித்தார்கள்.

ஹர்ஷிதா போனில் கத்தினாள். “டாக்டரக்கா! பசி பசின்னு பசிக்குதுங்க. உடம்புக்குள்ள கரண்ட்டு வந்தாப்ல இருக்கு. இத்தனை நாளும் நான் செத்துத்தான் கெடந்தேனாட்ட இருக்குது!”

கார்குழலி போனை வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துச் சிறிது நேரம் அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

*

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஹர்ஷிதாவுக்கு இடுப்பில் வலி கண்டது. பிறகு துளித்துளியாக ரத்தம் பட்டது. அவளை ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்திருந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஒட்டைச் சோதித்தால், ரத்தத்தில் ஹார்மோன் பழைய காலத்துத் தாய்மார்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. கர்ப்பப்பையோ ஹார்மோனே இல்லாததுபோல இறுகிக்கொண்டிருந்தது.

“தொட்டி நெறைய தண்ணி இருக்கு, குழாயில வரலன்னா எப்படி மேடம்?” என்றான் ஃபிரோஸ்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் நுண்ணோக்கியில் இருந்தது. ஹர்ஷிதாவின் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஹார்மோன் வந்து பொருந்தும் பூட்டுகளைக் காணோம். செல்கள் அவற்றை உள்ளிழுத்து மூடிக்கொண்டிருந்தன. கார்குழலி கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள்.

“நீ தங்கியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்துல தறிப்பட்டறை இருக்குல்ல?”

“ஆமா. அந்தத் தறிக்காரங்க வீட்டுக்குள்ள ரகசியம் பேசுனாகூட என் ரூம்ல கேக்கும்.”

“அவங்களுக்கு அதுதான் சாதாரணக் குரல். தறிச் சத்தத்துல வளர்ந்தவங்க. இப்ப, யாருமே சத்தம் போடாத வீட்டுல பொறந்து வளர்ந்த ஒரு குழந்தையை நினைச்சுக்கோ. அது முணுமுணுப்பைக் கேக்கக் காதைத் தீட்டி வெச்சிருக்கும். அதுகிட்டப் போய்த் தறிக்காரர் மாதிரிப் பேசினா?”

“காதைப் பொத்திக்கும்,” என்ற ஃபிரோஸ் சட்டென்று நிறுத்தினான்.

“ஹர்ஷிதா கருவா இருந்தப்பவே அவ அம்மாவுக்கு ஹார்மோன் குறைஞ்சுபோச்சு. அந்தக் குறைவுலதான் இவளோட செல்கள் உருவாச்சு. முணுமுணுப்புக்குப் பழகின செல்கள். நாம ஒரேயடியாக் கத்திட்டோம். பல்லு பொய் சொல்லல ஃபிரோஸ். அந்த அளவு நிஜம். ஆனா அது அந்தப் பொம்பளைங்களோட உடம்புக்கு. இவங்களுக்குக் கோட்டை ஒரு மயிரிழை ஏத்தலாம். இவங்க பொண்ணுங்களுக்கு இன்னொரு மயிரிழை. எறங்க எத்தனை தலைமுறை ஆச்சோ, ஏறவும் அத்தனை ஆகும்.”

“ஒட்டைக் கழட்டிட்டா?”

“திடீர்னு நின்னா உடனே கலைஞ்சிடும். பழைய அளவுக்கு மெதுவா எறக்கணும். செல்கள் பூட்டைத் திரும்ப வெளிய நீட்ட நேரம் குடுக்கணும். கர்ப்பம் இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது.”

வெளியே போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சேலம், திருநெல்வேலி, கடலூர் என்று ஒவ்வொரு ஊராக அழைத்தது. எல்லா இடத்திலும் வலி, ரத்தம், அதே கேள்வி.

ஃபிரோஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “மேடம், ஹர்ஷிதாவோட ஒட்டை என்னால திறக்க முடியும். உள்ள போய்ப் பழைய எண்ணைப் போட்டுடுவேன். அரை நாள் ஆகும். இவ பிழைச்சுப்பா. கேஸும் நிக்கும்.”

“மத்தவங்க?”

“நாற்பதாயிரம் ஒட்டு இருக்கு. கையால எப்படி மேடம் மாத்தறது?”

அவள் மாசிலாமணிக்கு அழைப்புப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“சார், ரெண்டு எண்ணாப் பிரிச்சிடுங்க. கோர்ட்டுக்கு இந்த எண். ஒட்டுக்குப் பழைய எண்.”

“சட்டத்துல ஒரு எண்தான்மா இருக்கு. பிரிக்கணும்னா சட்டசபைக்குப் போகணும். ஆலைக்காரங்க சும்மா விடுவாங்களா? ஒரு வருஷமாவது இழுப்பாங்க.”

“அப்ப பழைய எண்ணையே போட்டுடுங்க. இப்பவே.”

“புது எண் வந்தப்புறம் பழசுக்குத் திரும்ப ஒரே வழிதான் இருக்கு.” அவர் தயங்கினார். “புது எண்ணுக்கு ஆதாரமா இருந்த ஆய்வு தப்புன்னு, ஆய்வு பண்ணவங்களே சொல்லணும். சொன்னா அடுத்த நிமிஷம் என்னால மாத்த முடியும். ஆனா அதுக்கப்புறம் அந்தப் பல்லுங்க எந்தக் கோர்ட்டுலயும் ஆதாரமா நிக்காது. இனிமே எப்பவுமே.”

“ஆய்வு சரின்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“எனக்கு எதுவும் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க. இந்த அழைப்பை இப்ப பதிவுல போடப்போறேன். யோசிச்சுப் பதில் சொல்லுங்க.”

திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது. மாசிலாமணி வேறு குரலில், அதிகாரியாகக் கேட்டார். “டாக்டர் கார்குழலி, நீங்கள் சமர்ப்பித்த பல் மாதிரிகளின் நம்பகத்தன்மை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஹர்ஷிதா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் கட்டிலின் கம்பியை அவள் கை பற்றுவதும் விடுவதும் தெரிந்தது. ஆறு மாதம் பொறுத்திருந்தால் கொஞ்சப் பேரோடு போயிருக்கும். பொறுக்க விடாதது தன் வாய்தான்.

“மாதிரிகள் மாசுபட்டவை,” என்றாள் கார்குழலி. “கவனக்குறைவு என்னுடையது. முடிவுகளைத் திரும்பப் பெறுகிறேன். பழைய இயல்பளவே சரியானது.”

*

ஒட்டுகள் மெல்ல மெல்லப் பழைய கோட்டுக்கு இறங்கின. சில ஊர்களில் அதற்குள் காலம் கடந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் ரத்தம் நின்றது. ஹர்ஷிதாவுக்கும் நின்றது. ஆனால் உயர்ந்த அளவைத் தொட்டுத் திரும்பிய உடம்புகளில் செல்கள் பூட்டுகளை முன்னைவிட அதிகமாக வெளியே நீட்டி, சற்றுக் கூர்மையாகக் கேட்கத் தொடங்கியிருந்தன. நான்காவது மாதத்தைத் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினார்கள். ஏன் என்று வெளியே யாருக்கும் தெரியாது. கார்குழலியும் அதை எழுத முடியாது. தன் ஆய்வையே தான் பொய்யென்று சொன்னவளின் எழுத்தை எந்த இதழ் வாங்கும்?

வழக்கு ஒரே அமர்வில் தள்ளுபடியானது. ஆலைகளின் குழாய்கள் திறந்தன. செய்தித் தொலைக்காட்சிகள் அவளைப் ‘பல் டாக்டர்’ என்று கேலி செய்தன. பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டது.

“ஹர்ஷிதாகிட்டயாவது உண்மையைச் சொல்லிடலாமே,” என்றான் ஃபிரோஸ்.

“அவ மனுதாரர். கேட்டதும் நேரா வக்கீல்கிட்டப் போவா. போகத்தான் வேணும், அவ மேல தப்பில்ல. நான் வாபஸ் வாங்கினதே பொய்னு கோர்ட்டுல தெரிஞ்சா எண் மறுபடி ஏறும். அப்ப மாசமா இருக்கிறவங்க என்ன ஆவாங்க?”

ஹர்ஷிதா ஒரு பகலில் தானாகவே வந்தாள். மேசைக்கு எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“தீர்ப்புல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா டாக்டர்?” ‘டாக்டரக்கா’வில் இருந்த அக்கா போய்விட்டது. “என்ற ஹார்மோன் முன்னாடி ரெண்டு தடவையும் இயல்பளவுலதான் இருந்துச்சாம். பாதிப்பு எதுவும் இல்லியாம். அப்ப என்ற ரெண்டு கொழந்தைங்களும் சும்மாவே போச்சுதுங்களா?”

“ஹர்ஷிதா, உக்காரு. உடம்பு இப்ப...”

“உடம்பை நான் பாத்துக்கறேன். எங்கூரு வீடு வீடா உங்களைக் கூட்டிட்டுப் போனது நானு. ‘நல்ல டாக்டரு, நம்பலாமுங்க’ன்னு வாசல் வாசலாச் சொன்னது நானு. இன்னைக்கு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. அந்தம்மா கவனமில்லாம வேலை செஞ்சாங்களா, இல்ல ஆலைக்காரங்ககிட்டக் கை நீட்டிட்டாங்களான்னு. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

“கவனமில்லாம செஞ்சுட்டேன்,” என்றாள் கார்குழலி.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க. ரெண்டு உசுரு. ரெண்டையும் துணியில சுத்தி என்ற கையில குடுத்தாங்க. அதுக்குப் பேரு வெக்கலாமா வேண்டாமான்னுகூட யாரும் சொல்லல. கோர்ட்டாவது சொல்லும்னு இருந்தேன், அதுங்க சும்மா சாவல, கொன்னுட்டாங்கன்னு. அதையும் நீங்க...”

ஹர்ஷிதா நிறுத்தினாள்.

வாய் அப்படியே திறந்திருந்தது. கை மெதுவாக வயிற்றின் இடது பக்கத்துக்குப் போயிற்று. கண்கள் கார்குழலியைப் பார்த்திருந்தாலும் பார்வை அங்கே இல்லை. உள்ளே எதையோ கேட்பவள்போல மூச்சை அடக்கி நின்றாள். மறுபடியும் அது வந்திருக்க வேண்டும். அவள் உதடு துடித்தது. புருவம் தளர்ந்தது. முகம் ஒரு கணம் பச்சைக் குழந்தையின் முகமாயிற்று.

கார்குழலி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. எழுந்துபோய் அந்தக் கையின்மேல் தன் கையை வைக்க வேண்டும்போல இருந்தது. குழந்தை எத்தனை பலமாக உதைத்தது, எந்தப் பக்கம், எத்தனை முறை என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

ஹர்ஷிதாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்தது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள், இவள் பார்வை அங்கே படக்கூடாது என்பதுபோல.

“வர்றேனுங்க,” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனாள். தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் நடந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குனிந்து, வயிற்றிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.